கேம்கார்டர் எம்டிஎஸ் ஃபைலை எடிட்டிங்குக்கு ரெடி பண்றது எப்படி

பழைய ஹேண்டிகேம்ல எடுத்த கல்யாண வீடியோவ எடிட் பண்ண உக்காந்தா டைம்லைன் நகரவே மாட்டேங்குதா? அந்த கேமரா குடுக்கற எம்டிஎஸ் ஃபைல் (பேரு .MTS-னு முடியும்) ஏவிசிஹெச்டி, 2006ல சோனியும் பானாசோனிக்கும் சேந்து கொண்டு வந்த வீடியோ ஃபார்மட். அதுல எல்லா ஃப்ரேமும், அதாவது வீடியோவோட ஒவ்வொரு படமும், முழுசா இருக்காது, பெரும்பாலும் மாற்றத்த மட்டும்தான் சேமிக்கும், அதனால நீங்க நடுவுல ஒரு இடத்துல வெட்டினா சிஸ்டம் முன்ன பின்ன இருக்கற ஃப்ரேமையெல்லாம் தோண்டி எடுத்துதான் படத்த காட்டணும்.

முதல்ல மெமரி கார்ட அப்படியே முழுசா காப்பி பண்ணுங்க, எம்டிஎஸ் ஃபைல மட்டும் உருவாதீங்க. நீளமான ஷாட்ட கேமரா துண்டு துண்டா பிரிச்சிருக்கும், சரியா சேக்க மத்த ஃபோல்டரும் தேவப்படும்.

அப்புறம் ஷாட்கட்னு ஒரு எடிட்டிங் சாஃப்ட்வேர், இலவசம்தான், அதுல கிளிப்ப திறந்து ப்ராப்பர்டீஸ்ல கன்வர்ட் குடுங்க, டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் எடுங்க, அது ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுசா வெச்சிருக்கற ஃபார்மட், அதனால எடிட்டிங் ஈஸியா நகரும். ஃபைல் பல மடங்கு பெருசாகும், பயப்படாதீங்க, ஹார்ட் டிஸ்க்ல இடம் மட்டும் பாத்துக்கோங்க.

50ஐ-ல, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமையும் ஒண்ணு விட்டு ஒண்ணு கோடா ரெண்டு பாதியா பதியற மோட்ல, எடுத்ததுன்னா டீஇன்டர்லேஸ் பண்ணணும் (அந்த பாதிகள முழு படமா மாத்தறது), இல்லன்னா ஆள் அசையும்போது சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும். ஒரிஜினல மட்டும் தயவுசெஞ்சு அழிச்சிடாதீங்க!