குட்டிகளுக்குக் கஞ்சி மட்டும் போதாது

மண்டபம், பாம்பன், கீழக்கரை எனக் கரையோர ஊர் எதுவானாலும், வீட்டு நாய் குட்டி போட்டால் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றையும் மீன் ஆய்ந்த கழிவையும் வைப்பதே வழக்கமாக இருக்கிறது. வயிறு உப்பியிருப்பதைக் கண்டு, குட்டி நன்றாகத் தேறுகிறது என்று நம்பிவிடுகிறோம். என் வீட்டில் முதல் ஈற்றுக் குட்டிகளை நானும் கஞ்சியும் பசும்பாலுமாகத்தான் வளர்த்தேன். மூன்றாம் மாதத்தில் இரண்டு குட்டிகளின் முன்னங்கால்கள் வளைந்துவிட்டன. அந்தக் கால்களைப் பார்த்த பிறகு, தசைக்கும் எலும்புக்கும் என்ன போய்ச் சேருகிறது என்று பார்த்தே உணவைத் தேர்ந்தெடுத்து வருகிறேன்.

முதல் மூன்று வாரம் தாய்ப்பாலே போதும். அப்போது கவனிக்க வேண்டியது தாயின் தட்டைத்தான். பால் மிகுதியாகச் சுரக்கும் மூன்றாம், நான்காம் வாரங்களில் அதற்கு வழக்கத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு உணவு தேவைப்படும். பசும்பால் தாய்ப்பாலுக்கு ஈடாகாது. நாயின் பாலில் இருக்கும் புரதத்தில் பாதிகூடப் பசும்பாலில் இல்லை. லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையோ அதில் கூடுதல், அதனால்தான் குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டுவிடுகிறது.

நான்காம் வாரம் தொடங்கும்போது, கடையில் பையில் விற்கும் நாய்க்குட்டி உலர்தீவனத்தை அதைப் போல மூன்று மடங்கு வெந்நீரில் ஊறவைத்துக் கூழாகக் கரைத்து, ஆறியபின் விளிம்பு தாழ்ந்த தட்டில் வைக்கலாம். குட்டியின் முகத்தைப் பிடித்து அழுத்த வேண்டாம். விரலில் தொட்டு உதட்டில் தடவினால் தானாகவே நக்கப் பழகும். ஒவ்வொரு வாரமும் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு வந்தால் ஏழு, எட்டு வாரத்தில் கெட்டியாகத் தின்னும்.

தீவனம் வாங்கும்போது பையின் முன்பக்கப் படத்தைவிடப் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்களே முக்கியம். வளரும் குட்டிக்கான தீவனத்தில், ஈரம் நீக்கிக் கணக்கிட்டால், புரதம் குறைந்தது 22.5 விழுக்காடும், கொழுப்பு 8.5 விழுக்காடும், கால்சியம் 1.2 விழுக்காடும் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கத்தின் வரையறை. நான் 25 விழுக்காட்டுக்குக் குறைந்த புரதமுள்ள பையை எடுப்பதில்லை. அரிசியில் புரதம் ஏழெட்டு விழுக்காடுதான் என்பதை நினைத்துப் பார்த்தால் கஞ்சியின் குறை விளங்கும். மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துத் தரும் சில்லறைத் தீவனத்தைத் தவிருங்கள். உப்புக்காற்றும் ஈரமும் உள்ள நம் கரையில் அது விரைவில் சிக்குப் பிடித்துப் பூசணம் பூக்கும். வாங்கியதையும் மூடி இறுகிய டப்பாவில் வைக்க வேண்டும்.

தீவனத்தை மட்டுமே கொடுத்து ஐந்தாறு குட்டிகளை வளர்ப்பது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. பாதித் தீவனமும் பாதி வீட்டு உணவும் என்பது நான் கண்ட நல்ல ஏற்பாடு. அதற்குச் சூடை, சாளை, காரல் போன்ற சிறுமீன்கள் நமக்கு வாய்த்த பெரும் பேறு. தலையும் குடலும் நீக்கிய மீனைச் சிறிது தண்ணீரோடு, உப்பும் மிளகாயும் சேர்க்காமல், குக்கரில் வைத்து, விசில் வந்தபின் தீயைத் தணித்து அரைமணி நேரம் வேகவிடுங்கள். நடுமுள்ளை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து நசுக்கிப் பாருங்கள். வெந்த பருப்பைப் போலக் குழைந்தால்தான் பதம். நெறுக்கென்று ஒடிந்தால் மறுபடியும் அடுப்பில் ஏற்றுங்கள். குழைந்த முள்ளே குட்டிக்குக் கால்சியம் ஆகிவிடும். பிறகு கையால் முழுவதும் பிசைந்து, மீன் இரண்டு பங்குக்குச் சோறு ஒரு பங்கும், வெந்த பூசணியோ கேரட்டோ சிறிதும் சேர்க்கலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் மீன் விலை ஏறிவிடும். அப்போது அவித்த முட்டையும் கோழி இறைச்சியும் கைகொடுக்கும். ஆனால் எலும்பில்லாத இறைச்சியில் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் மிக அதிகம்; அதை மட்டும் தின்னும் குட்டி, தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை இழக்கும். முட்டை ஓட்டைக் கழுவி, வறுத்து, மாவாகப் பொடித்து, அரைக்கிலோ இறைச்சிக்கு ஒரு தேக்கரண்டி சேர்த்தால் ஈடாகும். முழுக்க முழுக்கத் தீவனமே தின்னும் குட்டிக்கு இந்தப் பொடியோ கால்சியம் டானிக்கோ கூடவே கூடாது. மிகுதியான கால்சியமும், குறிப்பாகப் பெரிய இன நாய்களில், எலும்பைக் கெடுக்கும்.

பச்சை மீன் வேண்டாம். சில சிறுமீன்களில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி உண்டு. வேகவைத்தால் அது செயலிழக்கும். தலையிலும் குடலிலும் தூண்டில் முள் தங்கியிருக்கக்கூடும். கருவாட்டை எத்தனை முறை அலசினாலும் உப்பு முழுதும் நீங்காது. எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது வலையிலிருந்து கழித்துக் கரையில் எறியும் பேத்தை மீன். அதன் நஞ்சு வேகவைத்தாலும் போகாது, ஆகவே குட்டிகளைக் கரைவலை இழுக்கும் இடத்துக்கு அவிழ்த்துவிடாதீர்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவையும் நாய்க்கு நஞ்சு.

ஒரே தட்டில் வைத்தால் வலியது தின்றுவிட்டு மெலியது ஒதுங்கி நிற்கும். எனவே தனித்தனித் தட்டு வையுங்கள். மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை போதும். வாரம் ஒரு முறை குட்டியைத் துணிப்பையில் இட்டுக் கொக்கித் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். வளர்ந்தபின் இருபது கிலோ வரக்கூடிய நாயின் குட்டி, வாரத்துக்கு ஏறத்தாழ 280 முதல் 560 கிராம் வரை கூட வேண்டும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. விலா துருத்தி வயிறு மட்டும் பானையாக இருந்தால் குடற்புழுவாக இருக்கலாம். நாக்குப்பூச்சி தாயிடமிருந்தே குட்டிக்கு வருவதால், இரண்டாம் வாரத்திலிருந்தே கால்நடை மருத்துவரிடம் புழுநீக்க மருந்து கேட்டுக் கொடுக்க வேண்டும். குடிக்க உவர்ப்புக் கிணற்று நீரை வைக்காமல், நாம் குடிக்கும் நன்னீரையே வையுங்கள்.

எட்டு வாரம் முடிந்து குட்டியை வேறு வீட்டுக்குக் கொடுக்கும்போது, அது தின்று பழகிய தீவனத்தில் ஒரு வாரத்துக்கானதைக் கட்டிக்கொடுத்து, புதிய உணவைப் பழையதோடு நாளுக்கு நாள் கூட்டிக் கலந்து மாற்றச் சொல்லுங்கள். கடைசியாக எழுதிய எடையையும் அந்தப் பொட்டலத்தின்மேல் குறித்துக் கொடுங்கள்.