வேகாத ராஜ்மா: என் அனுபவம்

டான்சானியாவின் டொடோமா அருகே ஒரு மிஷன் விடுதிப் பள்ளியில் பணிபுரிகிறேன். இங்கே உகாலி என்னும் மக்காச்சோளக் களிக்குத் துணை ராஜ்மாதான். திடீரென்று அது வேக மறுத்தது. தோல் சுருங்கும், உள்ளே நறுக்கென்று கடிபடும். இரவு ஜெப மணி அடித்த பிறகும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

பயறு பழையதோ என்று புது மூட்டை வாங்கினோம், பலனில்லை. சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும், உண்மைதான். ஆனால் போன பருவத்திலும் இதே உயரம்தானே! சமையல்கார அம்மா மகாடி சோடா என்னும் கார உப்பைப் போட்டார். வெந்தது, கூடவே சோப்புச் சுவையும் வந்தது. தயமின் (வைட்டமின் பி1) சத்தும் அதில் அழியும்.

துப்புக் கொடுத்தது தேநீர்க் கெட்டில். அடியில் முன்பு இல்லாத வெள்ளைப் படிவு. மழைநீர்த் தொட்டி குறைந்ததால் சமையலறைக் குழாயை ஆழ்துளைக் கிணற்றுக்கு மாற்றியிருந்தார்கள். அந்தக் கிணற்றின் கடின நீரிலுள்ள கால்சியம், பயற்றின் செல்களை ஒட்டிவைக்கும் பசையான பெக்டினை இறுக்கிவிடும். ஒரே மூட்டைப் பயற்றை இரு பானைகளில், ஒன்றில் மழைநீரும் மற்றதில் கிணற்று நீரும் ஊற்றி ஏற்றினோம். மழைநீர்ப் பானை மதியத்துக்குள் மசிந்தது, மற்றது அசையவில்லை.

இப்போது ராஜ்மாவை ஊறவைக்கவும் வேகவைக்கவும் மட்டும் மழைநீர். தொட்டிக்குப் பூட்டும் போட்டாயிற்று, இல்லாவிட்டால் பையன்கள் துணி துவைத்தே தீர்த்துவிடுவார்கள்.