டிவி அணைந்தும் ஆம்ப் அணையவில்லை: என் அனுபவம்

பெங்களூர் அல்சூர் வீட்டில் அப்பா டிவியை மட்டும் அணைப்பார். அலமாரிக்குள் பழைய ஆம்ப்ளிஃபயர் ராத்திரி முழுக்கச் சூடாகிக்கொண்டிருக்கும். டிவியின் யுஎஸ்பி 5 வோல்ட்டை ஒரு ரிலேவுக்கு (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச்) கொடுத்து, அதன் வழியே ஆம்புக்கு 230 வோல்ட் போகவைத்தேன். ஆம்பின் சுவிட்ச் எப்போதும் ஆனில் இருக்கும். அமுக்கினால் அப்படியே நிற்கும் பழைய வகை என்பதால் இது சாத்தியம்.

டிவி போட்டால் 'டக்', ஆம்ப் ஆன். டிவியை அணைத்தால் ரிலே விடவில்லை, ஆம்ப் ஆனிலேயே இருந்தது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் வேறு ரிலே வாங்கி மாற்றினேன், அதே கதை. டிவியைச் சீக்கிரம் ஆன் ஆக வைக்கும் குயிக் ஸ்டார்ட் செட்டிங்கை எடுத்தேன், பலனில்லை. நாலு நாள் போச்சு.

மல்டிமீட்டர் வைத்தால், அணைந்த டிவியின் யுஎஸ்பியில் 0.9 வோல்ட். செட்டாப் பாக்ஸின் எச்டிஎம்ஐ கேபிளைப் பிடுங்கியதும் ரிலே விட்டது! கசிவு அந்த வழியாகத்தான். என் ரிலே பிடிக்க 3.75 வோல்ட் வேண்டும், ஆனால் 0.5-க்குக் கீழே இறங்கினால்தான் நிச்சயமாக விடும். ரிலேயின் விவரத்தாளில் (டேட்டாஷீட்) இந்த வரியைத்தான் பலரும் தாண்டிவிடுகிறோம்.

ரிலேவை இழுக்கும் கம்பிச்சுருளான காயிலுக்கு சீரிஸில், அதாவது மின்சாரம் போகும் வழியிலேயே, ஒரு 1என்4007 டயோடு (ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் பாகம்) போட்டேன். சுமார் 0.7 வோல்ட்டை அது விழுங்கிவிடும், ஆனில் 4.3 கிடைக்கும், அது போதும். காயிலுக்குக் குறுக்கே ஏற்கெனவே தலைகீழாக இருக்கும் டயோடு வேறு, அதை எடுக்காதீர்கள். 230 வோல்ட் பக்கத்தை மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள், பிளக்கைப் பிடுங்காமல் தொடவே கூடாது.

நேற்று ராத்திரி அப்பா ரிமோட்டை அமுக்கினார், அலமாரிக்குள் 'டக்'. அப்பாடா!