கோடோ 4-இல் லைட்மேப்: நேரடி ஒளியையும் பேக் செய்ய வேண்டுமா?

விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான கோடோ 4-இல் ஒரு கூடத்தை வடிவமைத்து, ஒளியை முன்கூட்டியே கணக்கிட்டு லைட்மேப் என்னும் படமாகப் பதிக்கும் லைட்மேப்ஜிஐ நோடை (காட்சியின் ஓர் உறுப்பை) சேர்த்து, பேக் செய்து, அதாவது அந்தக் கணக்கீட்டை ஓட்டி, முடித்த பிறகும் விளையாட்டு முன்போலவே திணறுகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது விளக்குகளின் 'பேக் மோட்' அமைப்பைத்தான். அது இயல்பாகவே 'டைனமிக்' என்றிருப்பதால், சுவரிலும் தரையிலும் பட்டுத் தெறிக்கும் மறைமுக ஒளி மட்டுமே லைட்மேப்பில் பதிகிறது. விளக்கிலிருந்து நேராக விழும் ஒளியையும் அதன் நிழலையும் ஜிபியு (வரைகலைச் செயலி) ஒவ்வொரு ஃபிரேமிலும் கணக்கிட்டுக்கொண்டேயிருக்கிறது. 'ஸ்டாட்டிக்' என்று மாற்றினால் இரண்டும் சேர்ந்து பதியும். 'டிஸேபிள்டு' என்றால் பேக் செய்யும்போது அந்த விளக்கு கணக்கிலேயே வராது.

அப்படியானால் எல்லா விளக்குகளையும் ஸ்டாட்டிக் ஆக்கிவிடலாமே என்று தோன்றும். அதற்குத் தடையாக நிற்பது நிழலின் கூர்மை. மறைமுக ஒளி ஒரு பரப்பில் மெல்ல மெல்லத்தான் மாறும் என்பதால், மாடலை இறக்குமதி செய்யும்போது இயல்பாகக் கிடைக்கும் 0.2 டெக்செல் அளவு, அதாவது 20 செ.மீ.க்கு லைட்மேப்பில் ஒரு புள்ளி, அதற்குப் பெரும்பாலும் போதும். ஆனால் சன்னல் கம்பி 2 செ.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டால், அதன் நிழல் அந்த அளவில் தடமின்றிக் கரைந்துவிடும். அதைப் பிடிக்க டெக்செல்லை 0.02 ஆகக் குறைத்தாலோ, அதே சுவருக்கு 100 மடங்கு புள்ளிகள் தேவைப்படும். பேக் நேரமும் கோப்பின் அளவும் அதற்கேற்பப் பெருகும்.

ஆகவே, சன்னல் வழியே வெயில் விழும், பாத்திரம் நடமாடும் கூடத்தில், சூரியனாக நிற்கும் டைரக்ஷனல்லைட்3டி-ஐ டைனமிக் நிலையிலேயே விடுவது நல்லது. உயரத்தில் நிலையாக எரியும் சிறு விளக்குகள், ஆள் அதிகம் போகாத அறைகளின் விளக்குகள் ஆகியவற்றைத் தயங்காமல் ஸ்டாட்டிக் ஆக்கலாம். வேகம் கூடுவது பெரும்பாலும் இவற்றால்தான். ஸ்டாட்டிக் விளக்கின் அடியில் நடக்கும் பாத்திரத்துக்கு ப்ரோப்கள் (ஒளியின் அளவை ஆங்காங்கே பதிந்து வைக்கும் புள்ளிகள்) வழியாக ஓரளவு ஒளி கிடைக்குமே தவிர, அந்த விளக்கால் தரையில் நிழல் விழாது. கதைக்கு அந்த நிழல் முக்கியம் என்றால், அந்த ஒரு விளக்கை மட்டும் டைனமிக் ஆக விட்டு, வேகத்தை விலையாகக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இனி செய்முறை. மாடல் கோப்பைத் தேர்ந்தெடுத்து, இம்போர்ட் பகுதியில் 'லைட் பேக்கிங்' என்பதை 'ஸ்டாட்டிக் லைட்மேப்ஸ்' என மாற்றி மறுபடி இறக்குமதி செய்தால், லைட்மேப்புக்கு வேண்டிய யூவி2 (மாடலின் பரப்பை லைட்மேப் படத்தோடு பொருத்தும் விரிப்பு) உருவாகிவிடும். சுவர், தரை, அசையாத மரச்சாமான்கள் ஆகியவற்றின் குளோபல் இல்லுமினேஷன் மோட் (மறைமுக ஒளியில் அப்பொருள் எப்படிப் பங்கேற்கும் என்ற அமைப்பு) ஸ்டாட்டிக் ஆகவும், பாத்திரங்களுடையது டைனமிக் ஆகவும் இருக்க வேண்டும். லைட்மேப்ஜிஐ நோடு தனக்கு இணையான மட்டத்தில் உள்ளவற்றையும் தன் கீழே உள்ளவற்றையும்தான் பேக் செய்யும் என்பதால், அதை எங்கோ ஒரு கிளையில் செருகிவிட்டு, சுவர் ஏன் கறுத்திருக்கிறது என்று தேடுவதில் பயனில்லை. சோதனைக்கு 'லோ' தரம் போதும்.

பேக் முடிந்ததும் ஒவ்வொரு விளக்காகக் கண் பொத்தானை அழுத்தி மறைத்துப் பாருங்கள். டைனமிக் விளக்கு மறைந்தால் நேரடி ஒளி போய், பதிந்த மறைமுக ஒளி மட்டும் சுவரில் நிற்கும். கூரையிலும் மூலையிலும் அது திட்டுத்திட்டாகத் தெரிந்தால் தரத்தையோ டெக்செல்லையோ அங்கே கவனிக்க வேண்டும். ஸ்டாட்டிக் விளக்கை மறைத்தால் சுவரில் எந்த மாற்றமும் தெரியாது; தெரிந்தால் அது இன்னும் பதியவில்லை என்று பொருள். இதிலிருந்தே இன்னொன்றும் புரியும்: விளையாட்டின் நடுவே ஸ்விட்சைத் தட்டி அணைக்கும் விளக்கை டைனமிக் ஆக வைத்தாலும், அணைத்த பிறகு அதன் எதிரொளி அறையில் தங்கிவிடும். அத்தகைய விளக்கை 'டிஸேபிள்டு' நிலையில் வைத்துவிட்டு மீண்டும் பேக் செய்வதே சரி.