வலையமைப்பில் கடிகாரங்களை ஒன்றுபோல் ஓடவைத்தல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ விடுதியாக மாறிய ஒரு நகரத்தார் வீட்டில் ஓடும் கடிகாரங்களை எண்ணத் தொடங்கினால், சுவரில் தொங்குபவை சிலவே என்பது விளங்கும். முகப்பிலும், முற்றத்தைச் சுற்றிய வளவிலும் உள்ள கேமராக்கள், அவற்றின் பதிவைச் சேமிக்கும் டி.வி.ஆர்., பில் போடும் கணினி, பணியாளர்கள் விரல் வைக்கும் வருகைப்பதிவுக் கருவி, வைஃபை ரூட்டர் ஆகிய ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனியே ஒரு கடிகாரம் இருக்கிறது. இவை ஒன்றுக்கொன்று முரண்படுவதை அன்றாடம் யாரும் கவனிப்பதில்லை. விருந்தினரின் பை காணாமல் போன அன்றுதான், கேமரா காட்டும் நேரத்துக்கும் பில்லில் அச்சான நேரத்துக்கும் இடையே ஏழெட்டு நிமிடம் வேறுபாடு இருப்பதும், இரண்டில் எதை நம்புவது என்று சொல்ல வழியில்லாததும் தெரியவரும்.

நேரத்தை ஒருமுறை கையால் சரியாக வைத்துவிட்டால் போதும் என்று எண்ணுவதுதான் பரவலான தவறு. இக்கருவிகளில் நேரத்தைக் காப்பது ஒரு சிறிய குவார்ட்ஸ் படிகம். பத்து லட்சத்தில் 20 பங்கு என்ற சாதாரணப் பிழையுள்ள படிகம் ஒரு நாளில் ஏறத்தாழ 1.7 நொடி பிசகும். ஒரு மாதத்தில் அது 50 நொடியைத் தாண்டிவிடும். ஒரு கருவி முந்தியும் மற்றொன்று பிந்தியும் ஓடினால், இடைவெளி ஒரே மாதத்தில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போகும். ஆகவே, கருவி தானாகவே ஒரு நேர சர்வரிடம், அதாவது சரியான நேரத்தைக் கேட்பவர்க்குச் சொல்லும் கணினியிடம், அடிக்கடி கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். அதற்கான நெறிமுறையே என்.டி.பி. (நெட்வொர்க் டைம் புரோட்டோகால்). இதை வடிவமைத்தவர் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ்; 1985இல் ஆவணமாக வெளிவந்த இந்நெறிமுறையின் நான்காம் பதிப்பு 2010இல் வரையறுக்கப்பட்டது.

என்.டி.பி.யை இயக்கியவர்களும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: நேர மண்டலம். என்.டி.பி. சர்வர் அனுப்புவது இந்திய நேரம் அன்று, உலகப் பொது நேரமான யு.டி.சி.; அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டுவது கருவியின் வேலை. டி.வி.ஆரில் மண்டலம் பூஜ்யத்தில் இருந்தால் திரையில் நேரம் ஐந்தரை மணி பின்தங்கித் தெரியும். சில கருவிகள் சீன நேரத்தோடு, அதாவது எட்டு மணி கூட்டலோடு, வந்து சேர்கின்றன. அவை இரண்டரை மணி முந்திக் காட்டும். இதைப் பார்த்ததும் மண்டலத்தைத் தொடாமல் கடிகாரத்தையே கையால் மாற்றிவிடுகிறார்கள். சிறிது நேரத்தில் என்.டி.பி. தன் கணக்குப்படி அதைப் பழைய நிலைக்கே இழுத்துவிடுகிறது. "என்.டி.பி.தான் நேரத்தைக் கெடுக்கிறது" என்று முடிவு செய்து அதையே அணைத்துவிடுகிறார்கள். நோய் ஓரிடம், மருந்து வேறிடம். முதலில் மண்டலத்தைக் கூட்டல் 5:30 என்று வையுங்கள். கோடைக்கால நேரம் என்ற தெரிவு இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். இந்தியாவில் அந்த வழக்கமே இல்லை. தவறி இயக்கினால் பதிவு ஒரு மணி நேரம் தாவும்.

தாவலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் கடிகாரத்தைத் திடீரெனப் பின்னுக்குத் தள்ளினால், பின்னால் போட்ட பில் முந்தைய நேரத்தைத் தாங்கி நிற்கும். கேமராப் பதிவில் ஒரே நேரம் இருமுறை வரும். கணினிகளில் ஓடும் பழைய என்.டி.பி. நிரல் இதற்காகவே, பிழை 128 மில்லிநொடிக்குள் இருந்தால் கடிகாரத்தின் வேகத்தைச் சற்றே கூட்டியோ குறைத்தோ மெல்ல ஈடுசெய்கிறது. பிழை 1000 நொடியைத் தாண்டினால், ஏதோ பெரிய கோளாறு என்று கருதி இயல்பு அமைப்பில் தன்னை நிறுத்திக்கொள்கிறது. ஐந்தரை மணி என்பது 19,800 நொடி. சேவையை இயக்கியும் நேரம் ஏன் திருந்தவில்லை என்று வியப்பவர்கள் இந்த எல்லையை நினைவில் கொள்ள வேண்டும். பெரிய பிழையைக் கணினி தொடங்கும்போதே, பில் மென்பொருளைத் திறக்கும் முன், ஒரே தடவையில் திருத்திவிடுவது நல்லது.

நேரம் எங்கிருந்து வருகிறது என்பதிலும் கவனம் தேவை. ஒரே சர்வரை மட்டும் குறிப்பிட்டால் அது தவறும்போது கருவியும் கூடவே தவறும். இரண்டைக் குறிப்பிட்டால் நிலைமை மேம்படுவதில்லை. இரண்டும் முரண்பட்டால் எது பொய் என்று தீர்மானிக்க வழியில்லை. நான்கு இருந்தால் ஒன்று பிசகினாலும் மற்ற மூன்றும் அதை ஒதுக்கிவிடும். இந்திய நேரத்தைக் காப்பது புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். நிறுவனங்கள் தம் கணினிகளை அந்த ஆய்வகத்தின் சர்வர்களோடோ, தேசியத் தகவல் மையத்தின் சர்வர்களோடோ, அவற்றை ஆதாரமாகக் கொண்டவற்றோடோ இணைக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஆணையிட்டது.

அதற்காக ஒவ்வொரு கேமராவையும் நேரே இணையத்துக்கு அனுப்புவதும் பிழையே. வீட்டில் உள்ள ஒரு கணினியோ ரூட்டரோ வெளியிலிருந்து நேரத்தை வாங்கி, மற்றவற்றுக்குப் பகிரட்டும். இணையம் அறுந்த நாளிலும் கருவிகள் தமக்குள்ளாவது ஒத்துப்போகும். திருட்டு விசாரணைக்கு அதுவே பாதி வெற்றி. இப்படிப் பகிரும்போது என்.டி.பி. பயன்படுத்தும் யு.டி.பி. 123 என்ற வழியை (போர்ட்) வீட்டுக்குள் மட்டும் திறக்க வேண்டும். 2013 இறுதியிலும் 2014 தொடக்கத்திலும், வெளியாருக்குத் திறந்து கிடந்த என்.டி.பி. சர்வர்களைக் கருவியாக்கிப் பிறர்மீது பெருந்தாக்குதல்கள் நடந்தன.

இணையத்தை நம்பாமல் ஜி.பி.எஸ். கருவி வாங்குபவர்களும் உண்டு. விடுதிக்கு அது தேவையா என்றால், என் கணிப்பில் இல்லை. ஒரு நொடிக்குள் துல்லியம் போதும், அதை இணையமே தரும். வாங்கித்தான் ஆவது என்றால், ஆன்டெனாவைப் பட்டாலையில், அதாவது உள்கூடத்தில், வைக்காதீர்கள். கனத்த சுவர்களுக்குள் சிக்னல் கிட்டத்தட்டச் செத்துவிடும். வளவின் முற்றத்தில் வானம் தெரிகிறதே என்றால், அங்கு தெரிவது தலைக்கு மேலுள்ள ஒரு துண்டு வானமே. தாழ்ந்து நிற்கும் செயற்கைக்கோள்கள் மறைந்துவிடும், சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னலும் கணக்கைக் குழப்பும். ஓட்டுக்கூரைக்கு மேலே, நாற்புறமும் மறைப்பில்லாத இடமே அதற்கு உரியது.

எல்லாம் சரியாக அமைத்த பின்னும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. மின்சாரத்தை அணைத்துச் சில நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள். உள்ளிருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்த கருவி 1970க்கோ 2000க்கோ போய் நிற்கும். நேரம் அவ்வளவு பின்தங்கினால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் இன்னும் தொடங்கவில்லை என்று சொல்லி இணையதளங்களும் திறக்க மறுக்கும். அந்தப் பேட்டரியை மாற்றிவிட்டு, ஒவ்வொரு கருவியிலும் கடைசியாக நேரம் திருத்தப்பட்டது எப்போது என்ற வரியைப் படியுங்கள். என்.டி.பி. இயங்குகிறது என்று அமைப்புப் பக்கத்தில் தெரியும் அடையாளம் அதற்கு ஈடாகாது, ஏனெனில் சர்வரிடமிருந்து பதிலே வராத கருவியிலும் அந்த அடையாளம் அப்படியே இருக்கும்.