அரசு வீட்டுத் திட்டத் தவணை வரவில்லையா? யாரிடம் கேட்பது என்பதில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் தெரு அக்கா ஒருவர் அரசு வீட்டுத் திட்டத்தில் வீடு கட்டத் தொடங்கினார். சுவர் லிண்டல் மட்டத்துக்கு, அதாவது கதவு, ஜன்னலின் மேல்விளிம்பு வரை எழும்பியும் அடுத்த தவணை வரவில்லை. ஊராட்சித் தலைவர்தான் பணத்தைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று நம்பி, மாதக்கணக்கில் அவர் வீட்டு வாசலுக்கு நடந்தார். உண்மையில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்து ஓவர்சியர் (கட்டட வேலையை மேற்பார்ப்பவர்) வந்து சுவரைப் படம் எடுத்து இணையத்தில் ஏற்றவில்லை, அவ்வளவுதான். அந்த நடையெல்லாம் வீண் என்று நினைக்கும்போது இன்றும் மனசு கேட்கவில்லை.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் நான் அடிக்கடி பார்க்கும் முதல் தவறு இதுதான். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1,20,000 ரூபாய். 60 சதவீதம் மத்திய அரசு, 40 சதவீதம் மாநில அரசு. கான்கிரீட் கூரைக்கு மாநில அரசு தனியாகவும் தருகிறது. பணம் நேரே பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வரும். ஊராட்சிக் கணக்கைத் தொடுவதே இல்லை. தவணை நின்றால் தலைவரைத் திட்டிப் பயனில்லை. எந்தக் கட்டத்துப் படம் ஏறவில்லை என்று ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள்.

பழைய குடிசையை அவசரப்பட்டுப் பிரித்துவிடாதீர்கள். குடியிருக்கும் வீட்டையும் கட்டப்போகும் இடத்தையும் முதலில் படம் எடுத்தாக வேண்டும். அதற்குமுன் கீற்றை இறக்கிவிட்டு, எதைக் காட்டுவது என்று தவித்தவர்கள் உண்டு.

அப்படியானால் ஊராட்சிக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பையும் பின்னால் எடுத்த கணக்கெடுப்பையும் வைத்துத்தான் பயனாளிப் பட்டியல் வருகிறது. ஆனால் அதில் மாடிவீட்டுக்காரர் பெயர் இருந்தால் நீக்கச் சொல்லும் இடம் கிராம சபை. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அன்றைக்கு வராமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நிற்கிறோம். அங்கே கொடுத்த மனுவும் சுற்றிச் சுற்றி நம் ஒன்றியத்துக்கே திரும்பி வரும். கிராம சபையில் பேசினால் போதாது, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று கண்ணால் பாருங்கள். அதில் இல்லாத பேச்சுக்குப் பிறகு மதிப்பில்லை.

கிராம நிர்வாக அலுவலரிடம் (விஏஓ) வீட்டு மனு கொடுப்பது இன்னொரு தவறு. அவர் வருவாய்த் துறை. பட்டா, சான்றிதழுக்குத்தான் அவர். இந்த வேலைக்கு ஊராட்சிச் செயலர் இருக்கிறார். ஒன்றியத்திலும் இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் (பிடிஓ) உண்டு. நமக்கு வேண்டியவர் 'கிராம ஊராட்சி' பிடிஓ.

"நிதிக்குழு பணம் வந்திருக்கே, ரோடு போடுங்க" என்று தலைவரோடு சண்டை போடுவதையும் பார்க்கிறேன். 2021 முதல் 2026 வரைக்கான 15ஆவது நிதிக்குழு மானியத்தில், அதாவது மத்திய நிதிக்குழு பரிந்துரைப்படி ஊராட்சிகளுக்கு வரும் பணத்தில், 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே கட்டிப் போடப்பட்டது. அதைச் சாலைக்குத் திருப்பத் தலைவருக்கு அதிகாரம் கிடையாது. மீதி 40 சதவீதத்தைக் கேளுங்கள், அது நியாயமான கேள்வி.

கடைசியாக ஒன்று. பணம் அனுப்பியாகிவிட்டது என்று அலுவலகத்தில் சொல்லியும் பாஸ்புக்கில் வரவில்லையா? ஆதார் வழியாக வரும் பணம், நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்குக்குப் போகாமல், கடைசியாக ஆதார் இணைத்த வங்கிக்குப் போய்விடும். வீட்டில் மறந்து கிடக்கும் பழைய பாஸ்புக்கை ஒருமுறை வங்கியில் பதிவு போட்டுப் பாருங்கள்.