ஆண்டு விழா: பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மேடை காலியாக நிற்காமல் இருக்க

ஆறாம் வகுப்பு முதல் பத்து வரை, எல்லாம் சேர்த்து 150 பிள்ளைகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளிக்கான குறிப்பு இது. பந்தல், நாற்காலி, அழைப்பிதழ், சால்வை எல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்குள் போகவில்லை.

முதலில் ஒரு கணக்கு. 14 கலைநிகழ்ச்சி, ஒவ்வொன்றும் 4 நிமிடம் என்றால் 56 நிமிடம். வரவேற்பு, ஆண்டறிக்கை, விருந்தினர் பேச்சு, நன்றியுரைக்கு 45. பரிசு 60 பேருக்கு, ஆளுக்கு 20 நொடி வீதம் 20 நிமிடம். ஆக இரண்டு மணி நேரம். நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஒன்றரை நிமிடம் போனால் இன்னும் 21 நிமிடம் கூடும், பரவாயில்லை. அதுவே நான்கு நிமிடம் ஆனால் இன்னும் 56. அதாவது பிள்ளைகள் ஆடிய நேரமும், ஊரே காலி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமும் சமம். விழா இழுப்பது இங்கேதான்.

படி 1: நிரலை உடை மாற்றத்தை வைத்துப் போடுங்கள்

சின்னப் பள்ளியில் நன்றாக ஆடும் பிள்ளைகள் இருபது பேர்தான் இருப்பார்கள். அந்த இருபது பேரையே எல்லா ஆசிரியரும் கேட்பார்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிகழ்ச்சிதான் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பத்தாம் வகுப்புக்கு ஒன்று போதும்.

ஒரு தாளில் மேலே நிகழ்ச்சி எண், பக்கவாட்டில் பிள்ளை பெயர் எழுதிக் கட்டம் போடுங்கள். ஒரே பெயரில் விழும் இரண்டு குறிகளுக்கு நடுவே குறைந்தது மூன்று நிகழ்ச்சி இருக்க வேண்டும். பாவாடை தாவணியிலிருந்து கிராமிய உடைக்கு மாற ஏழு எட்டு நிமிடம் போதும். பரதநாட்டிய உடை என்றால் நகை, சடை, சலங்கையோடு இருபது நிமிடமாவது பிடிக்கும். அதனால் பரதத்தை முதல் நிகழ்ச்சியாக வையுங்கள். அந்தப் பிள்ளைகள் உடுத்தித் தயாராகவே வந்துவிடுவார்கள்.

கட்டத்தில் எங்கே இடிக்கிறதோ அங்கே திரைக்கு முன் நின்று செய்யும் நிகழ்ச்சியைச் செருகுங்கள்: பேச்சு, பலகுரல், வில்லுப்பாட்டு. பரிசளிப்பையும் ஒரே மூச்சில் முடிக்காமல் இருபது இருபதாக மூன்றாகப் பிரித்து இதே இடங்களில் போடலாம். பின்னால் உடை மாறும், முன்னால் கைதட்டல் ஓடும். ஒன்றை மட்டும் பாருங்கள்: அந்த நேரம் உடை மாற்றிக்கொண்டிருக்கும் பிள்ளையின் பெயர் அந்தப் பரிசுப் பட்டியலில் இருக்கக் கூடாது.

ஆறாம் வகுப்பை முதலில் ஆட விட்டால் அவர்கள் வீட்டார் ஏழு மணிக்கே எழுந்து போய்விடுவார்கள். கடைசி நிகழ்ச்சியில் எல்லா வகுப்பிலிருந்தும் இரண்டு பேராவது இருக்கட்டும். கும்மி இதற்கு ஏற்றது; கையில் பொருள் வேண்டாம், எத்தனை பேரும் சேரலாம்.

படி 2: பாட்டை வெட்டுவது

சினிமாப் பாட்டு நாலரை, ஐந்து நிமிடம் ஓடும். இரண்டாம் சரணத்தையும் அதற்கு முன் வரும் இசையையும் எடுத்தால் மூன்றரைக்கு வந்துவிடும். கைபேசிச் செயலிகளோடு மல்லாடாதீர்கள். கணினியில் ஆடாசிட்டி (Audacity) என்ற ஒலி வெட்டும் மென்பொருள் இலவசம், அது போதும். தாளத்தின் முதல் அடியில் வெட்டி முதல் அடியில் ஒட்டுங்கள். நடுவில் வெட்டினால் பிள்ளைகளின் கால் தடுமாறும். வெட்டிய பாட்டை ஒத்திகை தொடங்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும். முழுப் பாட்டுக்குப் பழகிய பிறகு வெட்டினால் பயன் இல்லை.

படி 3: பென்டிரைவ்

பெரும்பாலான விழாக்கள் சறுக்குவது இங்கே. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கோப்புகளுக்கு 1, 2, 3 என்று பெயர் வைத்தால் பல கருவிகளில் 1, 10, 11, 12, 13, 14, 2 என்று வரிசை மாறிவிடும். 01, 02 என்று இரண்டு இலக்கமாக வையுங்கள். பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். மிக்ஸரின் (சவுண்ட்காரர் மைக்கையும் பாட்டையும் இணைக்கும் கருவி) சின்னத் திரையில் தமிழ் எழுத்து பெரும்பாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

அதோடு முடியவில்லை. விலை குறைந்த மிக்ஸர்களில் இருக்கும் பிளேயர் பெயரையே பார்க்காது. எது முதலில் பென்டிரைவில் ஏறியதோ அதை முதலில் பாடும். எனவே பென்டிரைவை ஃபேட்32 (FAT32, கோப்புகளை அடுக்கும் ஒரு முறை) முறையில் ஃபார்மேட் செய்து, 01 முதல் ஒவ்வொன்றாக வரிசையில் ஏற்றுங்கள். மொத்தமாக இழுத்துப் போடாதீர்கள். இடையில் ஒன்றை மாற்ற நேர்ந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

அடுத்த பொறி: பாட்டு முடிந்ததும் பிளேயர் தானாக அடுத்ததைத் தொடங்கிவிடும். பிள்ளைகள் வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போது கரகாட்டப் பாட்டு அலறும். இதற்கு எளிய மருந்து, ஒவ்வொரு கோப்பின் முடிவிலும் ஆடாசிட்டியில் 30 நொடி மௌனம் சேர்ப்பது. சவுண்ட்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தாலும் நிறுத்த நேரம் கிடைக்கும்.

என் தேர்வு மடிக்கணினியும் கம்பியும்தான். பென்டிரைவ் மாற்றுக்கு இருக்கட்டும். புளூடூத் வேண்டவே வேண்டாம். யாராவது கைபேசியோடு நடந்து தள்ளிப் போனால் பாட்டு விட்டு விட்டு வரும். கைபேசியில்தான் போட வேண்டும் என்றால் விமானப் பயன்முறையில் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் யாரோ அழைக்க, ஊர் முழுக்க ரிங்டோன் கேட்கும்.

படி 4: மைக்கும் பாக்ஸும்

பாக்ஸ் (ஒலிபெருக்கிப் பெட்டி) இரண்டும் மேடையின் முன்விளிம்புக்கும் முன்னால், கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். மைக் எப்போதும் பாக்ஸுக்குப் பின்னால். ஊளைச் சத்தத்துக்குக் காரணம், பாக்ஸிலிருந்து வரும் ஒலி மறுபடி மைக்குக்குள் போவதுதான். பிள்ளைகள் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தாலும் ஊளையிடும். நடுத்தண்டைப் பிடிக்கப் பழக்குங்கள்.

பாக்ஸ் கூட்டத்தைப் பார்த்து நிற்பதால் மேடையில் ஆடுபவர்களுக்குத் தாளம் மங்கலாகத்தான் கேட்கும். பின்வரிசை பிந்துவது பயிற்சிக் குறை அல்ல, இதுதான் காரணம். ஒரு சின்ன பாக்ஸை மேடை ஓரத்தில் பிள்ளைகளைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நடக்கும்போது எல்லா மைக்கையும் அணைத்துவிட வேண்டும்.

நாடகத்துக்கு வசனத்தைப் பதிவு செய்து ஓடவிட்டு வாயசைக்க வைக்கிறார்கள். எனக்குப் பிடிக்காது. ஒருவன் வசனத்தை மறந்தால் பதிவு காத்திருக்காது. மேடை முன்பக்கம் இடம் வலமாக இரண்டு மைக் நிறுத்தி, பேசுகிறவர் மைக்குக்கு வந்து பேசும்படி நடமாட்டத்தை அமையுங்கள். வில்லுப்பாட்டுக்கும் அதே இரண்டு மைக்தான்: ஒன்று பாடுபவருக்கு, மற்றது பின்பாட்டுக்காரர்களுக்கு. உடுக்கைக்கும் குடத்துக்கும் தனி மைக் கேட்டால் கொடுக்காதீர்கள், பாட்டு அமுங்கிவிடும்.

பறைக்கு மைக்கே வேண்டாம். மாலைப் பனியில் தோல் தளர்ந்துவிடும் என்பதால் ஆடுமுன் தீயில் காய்ச்ச வேண்டும். அந்த இடம் பந்தலை விட்டுத் தள்ளி இருக்கட்டும், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரோடு. சிலம்பத்தை மேடையில் வைக்காதீர்கள். கீழே தரையில், கூட்டத்திலிருந்து பத்தடியாவது தள்ளிக் கயிறு கட்டிச் சுற்ற விடுங்கள்.

படி 5: முழு ஒத்திகை

இரண்டு நாள் முன்னதாக, உடையோடு, கடிகாரத்தோடு. ஆட்டத்தை அளக்க வேண்டாம், அது பாட்டின் நீளம்தானே. ஒரு குழு இறங்கி அடுத்த குழு நிற்கும் வரை ஆகும் நேரத்தை அளங்கள். இடப்பக்கம் ஏறி வலப்பக்கம் இறங்குவது என்ற ஒரே விதி பாதிச் சிக்கலைத் தீர்க்கும். நாலு நாலு பேராக மூன்று வரிசையில் 12 பேர் ஆட 20-க்கு 16 அடி மேடை வேண்டும். அதைவிடச் சின்னது என்றால் எட்டுப் பேராகக் குறையுங்கள்.

சவுண்ட்காரருக்குத் தரும் தாளில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எதிரே ‘நின்று’ அல்லது ‘நடந்து’ என்று எழுதுங்கள். பிள்ளைகள் நின்ற பிறகு பாட்டா, பாட்டோடு நுழைவார்களா என்பது அவருக்கு வேறு எப்படித் தெரியும்? மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்: ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் போனால் முதலிலிருந்து, அதற்குமேல் என்றால் அந்தக் குழு இரண்டு நிகழ்ச்சி தள்ளி மறுபடி வரும்.

தமிழ்த்தாய் வாழ்த்துக்குக் கோப்பு தேட வேண்டாம். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தபோதே, ஒலிப்பதிவைத் தவிர்த்துப் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். 55 நொடி, நான்கு பிள்ளைகள் போதும். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதியை முன்பே வாங்குங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி திறந்த வெளியில் இரவு 10 மணியோடு நிறுத்தியாக வேண்டும்.

பிற்சேர்க்கை: “மடிக்கணினியை மிக்ஸரில் செருகினால் இசை மட்டும் கேட்கிறது, பாடகர் குரல் காணவில்லை” என்று கேட்டிருந்தார்கள். கோப்பில் குறை இல்லை. ஸ்டீரியோ பின்னை (இடது, வலது ஒலி தனித்தனியாக வருவது) அப்படியே பேலன்ஸ்டு மைக் துளையில் (இரண்டு கம்பிகளில் வரும் ஒலியின் வேறுபாட்டை மட்டும் எடுப்பது) செருகினால் இடது வலது இரண்டிலும் பொதுவாக இருக்கும் ஒலி ஒன்றை ஒன்று அழித்துவிடும். பாடகர் குரல் பெரும்பாலும் நடுவில்தான் பதிவாகியிருக்கும், அதனால் அதுதான் முதலில் போகும். கோப்பை மோனோவாக (இரண்டு பக்கமும் ஒரே ஒலியாக) மாற்றிப் பார்க்காதீர்கள், சத்தமே வராது. ஒரு பக்கம் 3.5 மி.மீ. ஸ்டீரியோ, மறுபக்கம் இரண்டு பெரிய மோனோ பின் உள்ள ஒய் கேபிள் வாங்கி, மிக்ஸரில் ‘லைன்’ என்று எழுதிய இரண்டு துளைகளில் செருகுங்கள்.

கேபிள் சரியாக இருந்தும் ‘உம்ம்ம்’ என்று இரைந்தால் மடிக்கணினி சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அதுதான் காரணம். பேட்டரியை முழுதாக ஏற்றிக்கொண்டு, விழா முடியும் வரை சார்ஜர் இல்லாமலே ஓட்டுங்கள்.